மூன்று குண்டுகளை நம்பாதீர்கள்

மாணவர்களே, முதலில் ஒரு புதிர்.

மேசைமேல் இரண்டு இலக்குத் தாள்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 25 மீட்டர் தூரத்திலிருந்து சுடப்பட்டவை. முதல் தாளில் 'அ' என்ற ரிவால்வரால், அதாவது சுழல்துப்பாக்கியால், 3 முறை சுட்டிருக்கிறார்கள். அந்த மூன்று ஓட்டைகளில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் இரண்டுக்கும் இடையே 24 மில்லிமீட்டர் தூரம். இரண்டாம் தாளில் 'ஆ' என்ற ரிவால்வரால் 10 முறை சுட்டிருக்கிறார்கள். அதில் மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கு இடையே 38 மில்லிமீட்டர். 'அ'வின் விலை 'ஆ'வின் விலையைப்போல் இரு மடங்கு. குறிசுடும் மன்றம் ஒன்று இவற்றில் எதை வாங்க வேண்டும்?

பெரும்பாலோர் 'அ' என்றே சொல்வார்கள். 24 என்பது 38ஐவிடச் சிறியதுதானே! ஆனால் இந்த இரண்டு தாள்களை மட்டும் வைத்து 'அ' சிறந்தது என்று சொல்லவே முடியாது. கணக்குப்படி பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். அது எப்படி என்பதுதான் இவ்வாரப் பாடம்.

நம் நாட்டில் துப்பாக்கியைக் கைப்பேசிபோல் கடைக்குப் போய் வாங்க முடியாது. ஆயுதச் சட்டம் 1960இன்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கிக்கும் இதே விதிதான். உரிமமின்றிச் சுடும் ஆயுதம் வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தின்படி 14 ஆண்டு வரை சிறையும் 6க்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கும். ஆகவே நாம் வாங்கப் போவதில்லை. ஆனால் வாங்க உரிமை உள்ளவர்கள் எப்படி ஒப்பிட வேண்டும் என்று யோசிப்பது நல்லதோர் இயற்பியல் பயிற்சி. பூப்பந்து மட்டை வாங்கும்போதும், ஆய்வுக்கூடத்தில் இரண்டு கருவிகளை ஒப்பிடும்போதும் இதே சிந்தனைதான் உதவும்.

விளிம்பில் பற்றும் தோட்டா

குறிசுடும் விளையாட்டில் பரவலாகப் பயன்படுவது 'பாயிண்ட் 22' தோட்டா. 0.22 அங்குலம் என்பது சுமார் 5.6 மில்லிமீட்டர். தோட்டாவின் முனையில் இருக்கும் ஈயக்குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம்.

இதன் பித்தளைக் கூட்டின் அடியில், வட்டமாகப் புடைத்த ஒரு விளிம்பு உண்டு. எளிதில் தீப்பற்றும் மருந்தை அந்த விளிம்புக்குள் அடைத்திருப்பார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றி, வெடித்தூள் எரிந்து, வாயு விரிவடைந்து குண்டைத் தள்ளுகிறது. பிரான்சு நாட்டின் ஃப்ளோபேர் 1845இல் இந்த முறைக்கு வித்திட்டார். 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இதைச் சிறிய ரிவால்வர் ஒன்றில் பயன்படுத்தியது. இன்று உலகெங்கும் குறிசுடுவோர் பயன்படுத்தும் பாயிண்ட் 22 நீளத் தோட்டா 1887இல் வந்தது.

இந்த அமைப்பில் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. ஊசி நசுக்க வேண்டும் என்பதால் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தத்தைத் தாங்காது. எனவே வெடிமருந்து குறைவு, கையில் ஏற்படும் பின்னுதைப்பும் குறைவு. புதிதாகப் பழகுவோருக்கு இது வசதி. குறை என்னவென்றால், விளிம்பைச் சுற்றி மருந்தைச் சீராகப் பரப்புவது கடினம். ஓரிடத்தில் சற்றுக் கூடி, ஓரிடத்தில் சற்றுக் குறைந்தால் குண்டுக்குக் குண்டு வேகம் மாறும். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கெஜித்துவானும் கெபெர்சிசானும்

படிவம் 1 அறிவியலில் இந்த இரண்டு மலாய்ச் சொற்களையும் படித்திருப்பீர்கள். முதலாவது துல்லியம்: அளவீடு உண்மையான மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது. இரண்டாவது நுட்பம்: திரும்பத் திரும்ப அளக்கும்போது ஒரே விடை வருகிறதா என்பது. இலக்குத் தாள் இவ்விரண்டையும் கண்ணால் காட்டிவிடும்.

ஓட்டைகள் எல்லாம் நெருக்கமாக, ஆனால் நடுப்புள்ளிக்கு இடப்பக்கம் கூடியிருந்தால் அந்தத் துப்பாக்கியில் நுட்பம் இருக்கிறது, துல்லியம் இல்லை. இது முறையான பிழை. குறிபார்க்கும் பின்குறியை ஒரு திருகாணியால் சற்று நகர்த்தினால் சரியாகிவிடும். ஓட்டைகள் நடுப்புள்ளியைச் சுற்றி அங்குமிங்குமாகச் சிதறியிருந்தால் நுட்பம் குறைவு. இது தற்செயல் பிழை. எந்தத் திருகாணியாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே வாங்குவோர் பார்க்க வேண்டியது, ஓட்டைகள் நடுவில் விழுந்தனவா என்பதை அல்ல, எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதைத்தான்.

புதிரின் விடை

உங்கள் வகுப்பில் யாராவது 3 பேரை அழைத்து, மிக உயரமானவருக்கும் மிகக் குட்டையானவருக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து பாருங்கள். பிறகு மேலும் 7 பேரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி அளவுங்கள். வித்தியாசம் கூடலாம், அல்லது அப்படியே இருக்கலாம். ஒருபோதும் குறையாது. வந்து சேரும் ஒவ்வொருவரும் எல்லையை விரிக்கத்தான் முடியும், சுருக்க முடியாது.

இலக்குத் தாளிலும் இதே கதைதான். ஒரு துப்பாக்கியின் குண்டுகள் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 மில்லிமீட்டர் திட்ட விலக்கத்துடன் சிதறுகின்றன என்று கொள்வோம். அப்படியானால் மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் இடைவெளி சராசரியாக இப்படி வரும்:

3 முறை சுட்டால் சுமார் 24 மில்லிமீட்டர்.
5 முறை சுட்டால் சுமார் 31 மில்லிமீட்டர்.
10 முறை சுட்டால் சுமார் 38 மில்லிமீட்டர்.

துப்பாக்கி மாறவில்லை, தோட்டா மாறவில்லை. எண்ணிக்கை மட்டுமே மாறியிருக்கிறது. இப்போது புதிரைத் திரும்பப் பாருங்கள். 'அ' 3 முறைக்கு 24. 'ஆ' 10 முறைக்கு 38. இரண்டின் பின்னாலும் இருப்பது ஒரே சிதறல்தான்! இரு மடங்கு விலைக்கு இந்தத் தாள்கள் எந்தச் சான்றும் தரவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 24 என்பது சராசரிதான். அதே துப்பாக்கியால் மூன்று மூன்றாகப் பல தாள்களில் சுட்டால், ஒன்றில் 15, இன்னொன்றில் 33 என்று வருவது சர்வ சாதாரணம். விற்பவர் அந்த 15ஐ மட்டும் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினால் அது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல.

இதற்கு மாற்று என்ன? 20 அல்லது 30 முறை சுட்டு, எல்லா ஓட்டைகளின் மையத்தையும் கண்டுபிடித்து, மையத்திலிருந்து ஒவ்வோர் ஓட்டையும் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஓரத்தில் உள்ள இரண்டு ஓட்டைகளை மட்டும் நம்பாமல், எல்லா ஓட்டைகளும் இதில் சாட்சி சொல்கின்றன.

ஆறு அறைகளின் இரகசியம்

ரிவால்வருக்கே உரிய ஒரு சோதனை உண்டு. நீள்துப்பாக்கியில் ஒரே குழல், ஒரே தோட்டா அறை. ரிவால்வரில் பெரும்பாலும் 6 அறைகள் கொண்ட ஓர் உருளை சுழல்கிறது. ஒவ்வொரு முறையும் ஓர் அறை குழலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஆறில் ஓர் அறை மயிரிழை விலகி நின்றாலும், அந்த அறையிலிருந்து கிளம்பும் குண்டு குழலின் வாயில் ஒரு பக்கமாக உரசித்தான் உள்ளே போகும்.

இப்போது தாளில் 30 ஓட்டைகள் இருக்கின்றன; சிதறல் பெரிதாகத் தெரிகிறது. "இந்தத் துப்பாக்கி மோசம்" என்று ஒதுக்கலாமா? பொறுங்கள். அறைகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்து, எந்த ஓட்டை எந்த அறையிலிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு சுட்டால் படம் தெளிவாகும். 4ஆம் எண்ணின் ஓட்டைகள் மட்டும் எப்போதும் வலப்பக்கம் விழுகின்றன என்று வையுங்கள். அது தற்செயல் பிழை அல்ல. தற்செயல்போல் வேடமிட்ட முறையான பிழை. தரவை வகை பிரித்துப் பார்த்தால்தான் இத்தகைய வேடம் கலையும்.

எது பெரிய பிழை?

இனி கொஞ்சம் கணக்கு. வேகம் நொடிக்கு 300 மீட்டர் என்றால், 25 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு 0.083 நொடி ஆகும். காற்றுத் தடையை விட்டுவிட்டு, ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று கொண்டால், அதற்குள் குண்டு சுமார் 34 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். வேகம் நொடிக்கு 290 மீட்டராகக் குறைந்தால் இறக்கம் 36.4 மில்லிமீட்டர். வித்தியாசம் வெறும் 2.4 மில்லிமீட்டர்தான்.

ஆனால் 50 மீட்டர் தூரத்திற்கு இதே கணக்கைப் போட்டால் வித்தியாசம் ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர். 50 மீட்டர் நீள்துப்பாக்கிப் போட்டியில் 10 புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்! இதனால்தான் முன்னணி வீரர்கள் தோட்டா ஆலைகளின் சோதனைக்கூடங்களுக்கே போய், தங்கள் துப்பாக்கியைப் பிடிகருவியில் இறுக்கிப் பூட்டி, பல தயாரிப்புத் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்துகிற தொகுதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிடிகருவியில் பூட்டுவது ஏன்? கையின் நடுக்கத்தை நீக்கிவிட்டால் மாறுவது தோட்டா ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மாற்று என்று உங்கள் ஆய்வுக்கூட ஆசிரியர் சொல்வது இதைத்தான்.

அடுத்தது குறிபார்ப்பு. ரிவால்வரின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 150 மில்லிமீட்டர் என்று கொள்வோம். சுடும் நொடியில் முன்குறி அரை மில்லிமீட்டர் விலகினால், ஒத்த முக்கோண விதிப்படி 25 மீட்டரில் குண்டு சுமார் 83 மில்லிமீட்டர் விலகும். 25 மீட்டர் துல்லியச் சுற்றின் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். அதாவது குண்டு அந்த வளையத்தைத் தாண்டிப் போய்விடும். இரு குறிகளுக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இருந்தால் அதே அரை மில்லிமீட்டர் தவறு 57 மில்லிமீட்டர் விலகலாகக் குறையும். பன்னாட்டு விதிகள் 25 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு இந்த இடைவெளி 220 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

ஒரு வியப்பு: துப்பாக்கி சாயாமல், கை முழுவதும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் நகரும். நகர்வு மன்னிக்கும், கோணம் மன்னிக்காது.

கோணத்தைக் கெடுப்பதில் விசைக்குப் பெரும் பங்கு உண்டு. 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் விசையை இழுக்கக் குறைந்தது 1,000 கிராம் எடைக்குச் சமமான விசை தேவைப்பட வேண்டும் என்பது விதி. ரிவால்வரில், பின்புறச் சுத்தியைக் கட்டைவிரலால் முன்கூட்டியே இழுத்து நிறுத்திவிட்டால், சுடுவதற்கு ஏறத்தாழ இவ்வளவே போதும். அப்படிச் செய்யாமல் விரலால் ஒரே இழுப்பில் சுட்டால், உருளையைச் சுழற்றிச் சுத்தியையும் தூக்க வேண்டியிருப்பதால் 4 கிலோகிராமுக்கு மேல்கூடப் போகும். துப்பாக்கியின் எடையோ ஏறத்தாழ 1 கிலோகிராம். ஒரு பொருளை அதன் எடையைப்போல் நான்கு மடங்கு விசையால் இழுத்துக்கொண்டே, அது அரை மில்லிமீட்டர்கூட அசையாமல் வைத்திருக்க வேண்டும்! ஆகவே இரண்டு ரிவால்வர்களை ஒப்பிடும்போது, தாளில் உள்ள ஓட்டைகளுக்கு முன்பே விசையின் இழுவையைத் தராசு கொண்டு அளந்துவிடுவது அறிவுடைமை.

எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். தோட்டா வேகத்தால் 2.4 மில்லிமீட்டர். துப்பாக்கியின் சொந்தச் சிதறல் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். குறிபார்ப்பில் அரை மில்லிமீட்டர் தவறினால் 83 மில்லிமீட்டர். புதிதாகப் பழகுபவர் சிதறலை 10இலிருந்து 8 ஆக்கும் விலை உயர்ந்த துப்பாக்கியை வாங்கினால், அந்த 2 மில்லிமீட்டர் ஆதாயம் 83க்குள் காணாமற்போய்விடும். அவர் செலவிட வேண்டியது பணத்தை அல்ல, பயிற்சி நேரத்தை.

முடியிழையிலும் பாதி

அப்படியானால் சிறு வித்தியாசங்கள் பயனற்றவையா? உச்சியில் இருப்பவர்களைக் கேளுங்கள். கடலூரில் பிறந்த தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றழுத்த நீள்துப்பாக்கித் தகுதிச் சுற்றில் 60 முறை சுட்டு 630.7 புள்ளிகள் எடுத்தார். ஒரு முறைக்கு அதிகபட்சம் 10.9; அவருடைய சராசரி 10.51. ஆனால் கிடைத்தது 10ஆம் இடம். முதல் 8 பேருக்கே இறுதிச் சுற்று. அவருடைய அணித்தோழி ரமிதா ஜிண்டால் 631.5 புள்ளிகளுடன் 5ஆம் இடத்தில் தகுதி பெற்றார்.

வித்தியாசம் 0.8 புள்ளி. அதை 60ஆல் வகுத்தால் ஒரு குண்டுக்கு 0.013 புள்ளி. அந்த இலக்கில் 1 புள்ளி என்பது 2.5 மில்லிமீட்டர். ஆக, ஒரு குண்டுக்குச் சராசரி வித்தியாசம் சுமார் 0.033 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி! கையின் பிழை இந்த அளவுக்குச் சுருங்கிய பிறகு, குண்டின் தொகுதியும் குழலின் தரமும் முடிவை மாற்றும். கருவியின் நுட்பம் வேலையின் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பதே இதன் பொருள்.

இன்னொரு பண்பையும் மறக்கக் கூடாது: நம்பகம். 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். 10 மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்றின் நடுவே இந்தியாவின் மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகிவிட்டது. பழுதுபார்க்கப் போன நேரம் போட்டி நேரத்தில் கழிந்தது. 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் முடித்தார். இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். பாயிண்ட் 22 தோட்டா பயன்படும் 25 மீட்டர் பிரிவில் 4ஆம் இடம் பிடித்தார். ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தாலும், வேண்டிய நேரத்தில் இயங்காத கருவிக்கு மதிப்பெண் இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, சுபாங்கில் தேசியக் குறிசுடும் திடல் இருக்கிறது. 2017 சீ விளையாட்டுப் போட்டியின் குறிசுடுதல் அங்கேதான் நடந்தது. ஆனால் இந்தப் பாடத்தைச் சோதித்துப் பார்க்க அங்கே போக வேண்டியதில்லை. வீட்டு மேசையும் கோலிக்குண்டும் போதும்.

பாதியாகப் பிளந்த ஒரு பி.வி.சி. குழாயைப் புத்தகங்களின்மேல் சாய்த்து, அதன் கீழ்முனை மேசை விளிம்பில் இருக்கும்படி வையுங்கள். கோலி விழும் இடத்தில், தரையில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதன்மேல் கார்பன் தாளை மை தடவிய பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். குழாயில் ஒரு கோடு போட்டு, எப்போதும் அதே கோட்டிலிருந்து கோலியை விடுங்கள். விழுந்த இடத்தில் ஒரு புள்ளி பதியும். ஒவ்வொரு முறையும் புள்ளிக்கு எண் போடுங்கள். இருபது முறை செய்யுங்கள்.

முதல் 3 புள்ளிகளின் அதிகபட்ச இடைவெளி எவ்வளவு? முதல் 10க்கு? இருபதுக்கும்? மையத்திலிருந்து சராசரித் தூரம் எவ்வளவு? பிறகு கண்ணாடிக் கோலிக்குப் பதிலாக அதே அளவுள்ள இரும்புக் குண்டை வைத்து மறுபடி 20 முறை செய்து ஒப்பிடுங்கள். வேறு எதையும் மாற்றாதீர்கள்.

அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குள் நுழைந்து, விலை உயர்ந்த பூப்பந்து மட்டையை மூன்று முறை வீசிப் பார்த்து மயங்குவதற்கு முன், நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை முறை சோதித்தேன்? இரண்டையும் அதே எண்ணிக்கையில், அதே நிலையில் சோதித்தேனா? இந்த வித்தியாசம் என் கையின் பிழையைவிடப் பெரியதா? அவசர நேரத்தில் இது என்னைக் கைவிடாதா?

நான்குக்கும் நேர்மையான விடை கிடைத்தால், பணம் எங்கே போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.